புரொஜெக்ட் வகுப்பில ஒரு கிழமையை எப்பிடி ஓட்டுறது, வீட்டுக்கு என்ன குடுத்து விடுறது

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போட்டுத் தொடங்கிறன். நாளைக்குக் காலமை வகுப்பில எடுத்துப் பாவிக்கப் போறதில்லை எண்டா அந்த ஹோம்வேர்க்கைக் குடுக்காதேங்கோ. கொழும்பில தரம் 7 பிள்ளையளுக்கு விஞ்ஞானமும் கொஞ்சம் கணிதமும் புரொஜெக்ட் முறையில படிப்பிக்கிற எனக்கு இந்த ஒரு விதி பிடிபடவே ரெண்டு வருசம் போச்சு, புதுசா வாற டீச்சர்மார் கேக்கிறதும் பெற்றோர் கூட்டத்தில அம்மாமார் கேக்கிறதும் கடைசியில இங்கதான் வந்து நிக்கும், அதால நான் ஒரு கிழமையை எப்பிடிக் கொண்டு போறன் எண்டு விலாவாரியா எழுதி வைப்பம் எண்டு யோசிச்சன்.

முதல் வருசம் நான் செய்த கூத்தைச் சொல்லாட்டி இது விளங்காது. "கழிவு முகாமைத்துவம்" எண்டு தலைப்புக் குடுத்து வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினன், திங்கள் காலமை 28 பிறிஸ்டல் போர்ட் வந்து சேந்தது. அதில ஒம்பதில ஒரே படம். ஸ்கூலுக்குக் கிட்ட இருக்கிற, பிரின்ட் எடுத்துக் குடுக்கிற கொமியுனிகேஷன் கடையில அண்ணை ஒருக்கா டவுன்லோட் பண்ணி வைச்சதை வாறவைக்கெல்லாம் பிரின்ட் எடுத்துக் குடுத்திருக்கிறார், பாவம் அவரிலயும் பிழை இல்லை, ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அம்மாமார் வந்து நிண்டா மனுசன் என்ன செய்யிறது. மிச்சத்தில பாதி அம்மாவின்ர கையெழுத்து. ஒரு பிள்ளையிட்ட "இதில நீ எதைச் செய்தனி" எண்டு கேட்டன், "நான் கம் பூசினனான் மிஸ்" எண்டுது. அண்டைக்குத்தான் முடிவெடுத்தன், முடிஞ்ச சாமான் எல்லாம் வகுப்பிலதான் செய்யோணும், வீட்டில இருந்து வாறது மூலப்பொருள் மட்டும். மூலப்பொருள் எண்டா ஒரு அளவு, ஒரு எண், ஒருத்தர் சொன்ன பதில், ஆறு கணக்கு, இவ்வளவுதான்.

புரொஜெக்ட் முறை ஏதோ நேற்று வந்த ஃபாஷன் எண்டு சிலர் நினைக்கினம். அமெரிக்காவில கொலம்பியா பல்கலைக்கழகத்து கில்பற்றிக் எண்டவர் இதைப் பற்றி 1918 இல கட்டுரை எழுதிப்போட்டார், எங்கட நாட்டிலயும் 2007 பாடத்திட்டத்தில இருந்து ஆசிரியர் வழிகாட்டியில பிள்ளை தானே தேடிக் கண்டுபிடிக்கோணும் எண்டு, இங்கிலீஷில E எழுத்தில தொடங்கிற அஞ்சு படியள் உள்ள 5ஈ முறை வந்திட்டு. யோசனை பழசு. கஸ்டம் எங்க எண்டா செவ்வாய்க்கிழமை நாலாம் பாடத்துக்கு உள்ள போய் என்ன செய்யிறது எண்ட இடத்தில.

சரி, முதல்ல கேள்வி. ஒரு புரொஜெக்ட் நாலு அஞ்சு கிழமை ஓடோணும் எண்டா அதுக்கு ஒரு நல்ல கேள்வி வேணும், "மழையின் முக்கியத்துவம்" எண்டது கேள்வி இல்லை, அது கட்டுரைத் தலைப்பு. நான் ஒக்டோபர் நவம்பரில எடுக்கிற கேள்வி "எங்கட வீட்டுக் கூரையில விழுற மழை எவ்வளவு, அது எங்க போகுது?" எண்டது. இதுக்குப் புத்தகத்தில விடை இல்லை, கூகிளிலயும் இல்லை, ஏனெண்டா உங்கட வீட்டுக் கூரையை ஒருத்தரும் அளந்து போட்டு வைக்கேல்லை. கேள்வி தெரிவு செய்யேக்க நான் பார்க்கிறது ரெண்டு விசயம்தான், ஒவ்வொரு பிள்ளையின்ர வீட்டில இருந்தும் வேற வேற எண் வரோணும், அந்த எண் இல்லாம வகுப்பு ஓடக் கூடாது. இது ரெண்டும் இருந்தா ஹோம்வேர்க் பிரச்சினையில முக்கால்வாசி தானாத் தீந்திடும்.

திங்கள். முதல் கிழமை எண்டா மழை அளக்கிற போத்தல் செய்யிற நாள். நேரான உடம்பு உள்ள பிளாஸ்டிக் தண்ணிப் போத்தல் கொண்டு வரச் சொல்லுங்கோ, நடுவில இடுப்பு ஒடுங்கின சோடாப் போத்தல் சரிவராது, கணக்குப் பிழைக்கும். மேல் பக்கம் சரியத் தொடங்கிற இடத்தில வெட்டி, வெட்டின துண்டைத் தலைகீழாப் புனல் மாதிரி உள்ள வைக்கோணும். போத்தலின்ர அடி மேடும் பள்ளமுமா இருக்கும், அதால கொஞ்சம் சீமெந்து குழைச்சு ஊத்தி மட்டமாக்கி அது காய்ஞ்ச பிறகு அந்த மட்டத்தில இருந்து 0 எண்டு அடிமட்டம் ஒட்டுறது. கூழாங்கல்லு போடலாம் எண்டு கன இடத்தில எழுதியிருக்கினம், கொழும்பில அதைச் செய்யாதேங்கோ, கல்லுக்கு இடையில தண்ணி நிக்கும், பிறகு நுளம்பு. டெங்கு நுளம்பு முட்டையில இருந்து பறக்கிற வரைக்கும் ஒரு கிழமை பத்து நாள்தான் எடுக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ) வந்து மொட்டை மாடியில 28 வீட்டிலயும் தண்ணிப் போத்தலைக் கண்டா எங்கட புரொஜெக்ட் பொலிஸ் வரைக்கும் போகும். அதால ஹோம்வேர்க் வசனத்திலயே ரெண்டு வேலையைச் சேத்து எழுதுறன்: வாசி, பிறகு கவிட்டு ஊத்து.

இந்த அளவு எடுக்கிறதுதான் அஞ்சு கிழமைக்கும் ஒவ்வொரு நாளும் வாற ஹோம்வேர்க். காலமை ஆறரைக்கு, ஸ்கூலுக்கு வெளிக்கிட முதல், ரெண்டு நிமிசம். ஏழரைக்கு ஸ்கூல் தொடங்கும், ரெஜிஸ்டர் எடுக்கேக்கயே பேர் கூப்பிட்டா "பிரசன்ட் மிஸ்" எண்டு சொல்லாம போத்தலில நிண்ட மில்லிமீற்றர் எண்ணைச் சொல்லோணும், "12 மிஸ்", "9 மிஸ்", "0 மிஸ்". சுவரில ஒட்டின கொழும்பு மப்பில ஒரு பிள்ளை எழுதிக்கொண்டே போகும், வெள்ளவத்தை, தெகிவளை, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி எண்டு. மூண்டு நிமிசத்தில ஹோம்வேர்க் பார்த்து முடிஞ்சுது, நான் ஒரு கொப்பியும் திருத்தேல்லை. கொண்டு வராத பிள்ளையின்ர இடத்தில மப்பில ஓட்டை. நான் ஏசத் தேவையில்லை, குறூப்பில இருக்கிற மற்ற மூண்டு பேரும் பார்த்துக்கொள்ளுவினம்.

இது என்ர கண்டுபிடிப்பு இல்லை. எலியட் ஆரன்சன் எண்ட உளவியலாளர் 1971 இல டெக்சாஸ் மாநிலம் ஒஸ்டின் பள்ளிக்கூடங்களில செய்தது இதுதான், ஒவ்வொரு பிள்ளையிட்டயும் ஒரு துண்டு, எல்லாத் துண்டும் சேந்தாத்தான் முழுப்படம். குறூப் வேலையில ஒருத்தன் உழைக்க மூண்டு பேர் வேடிக்கை பார்க்கிற வியாதிக்கு எனக்குத் தெரிஞ்ச மருந்து இதுதான், அதால குறூப் பிரிக்கேக்க ஒரே ஏரியாப் பிள்ளையளைச் சேர்க்கிறேல்லை. ஆனா ஒண்டு, சில பிள்ளையளுக்கு வீட்டில அளக்கவே ஏலாது. ஃபிளாட்டில மொட்டை மாடித் திறப்பு வொச்சரிட்ட இருக்கும், அவர் குடுக்க மாட்டார், பல்கனியில வைச்சா மேல கூரை, மழை விழாது. இன்னும் சில வீடுகளில வேற பிரச்சினையள், அதை வகுப்பில கிளறக் கூடாது. அப்பிடியான பிள்ளைக்கு ஸ்கூல் போத்தலைப் பொறுப்புக் குடுங்கோ, ஏழேகாலுக்கு வந்து வாசிக்கிற வேலை, அது தண்டனை மாதிரித் தெரியாம ஒரு பதவி மாதிரித் தெரியோணும், "வளிமண்டலவியல் அதிகாரி" எண்டு ஒரு பட்டி செய்து குடுத்தன், பிறகு அந்தப் பதவிக்குச் சண்டை.

பல்கனி எண்டவுடன ஒரு கதை. ரெண்டாம் கிழமை ஒரு நாள் சொட்டு மழை இல்லை, எல்லாரும் 0, ஒரு பெடியன் மட்டும் 14 எண்டான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு, பொய் சொல்றான் எண்டு. அவன் அழுற மாதிரி. எனக்கு உடனயே விளங்கிட்டு, ஆனா வாயைத் திறக்கேல்லை, "சரி, அவன் பொய் சொல்லேல்லை எண்டு வைப்பம், எப்பிடி 14 வந்திருக்கும்?" எண்டு மட்டும் கேட்டன். அண்டைக்கு நான் போட்ட பாடம் முழுக்கக் கவிண்டுது, நாப்பது நிமிசமும் இதுதான். அடுத்த நாள் அவன் அப்பாவின்ர ஃபோனில படம் எடுத்துக்கொண்டு வந்தான், மேல் வீட்டு ஏசி பைப் நேரா அவன்ர போத்தலுக்கு மேல சொட்டுது. பிறகு ஏசித் தண்ணி எங்க இருந்து வருது எண்டு ஒடுக்கம், அதாவது நீராவி தண்ணியாகிறது பற்றின பாடம் தானா வந்து விழுந்தது, நான் ரெண்டு கிழமைக்குப் பிறகு செய்ய வைச்சிருந்தது. இப்பிடி ஒண்டு நடந்தா பிளானைத் தூக்கி எறியுங்கோ, வருசத்தில ரெண்டு தரம்தான் கிடைக்கும்.

செவ்வாய் சும்மா சாதாரண பாடம். இதைச் சொன்னா சில பேருக்கு அதிர்ச்சி, புரொஜெக்ட் எண்டா டீச்சர் போர்ட்டில எழுதவே கூடாது எண்டு எங்கயோ கேட்டிருக்கினம். பிள்ளைக்குத் தெரியாததை ஆரோ சொல்லிக் குடுக்கத்தானே வேணும். இந்தக் கிழமை வேலைக்கு எது தேவையோ அதை மட்டும் நல்லா அழுத்தமாப் படிப்பிக்கிறது. மழைப் புரொஜெக்டில அது பரப்பளவும் கனவளவும். 1 சதுர மீற்றரில 1 மில்லிமீற்றர் மழை விழுந்தா 1 லீற்றர் தண்ணி, இந்த ஒரு வரியை விளங்கப்படுத்தவே ஒரு பாடம் போகும், போகட்டும். பிறகு 40 சதுர மீற்றர் கூரையில 25 மில்லிமீற்றர் மழை எண்டா எவ்வளவு? 1000 லீற்றர். மாடியில நிக்கிற அந்தக் கறுப்புத் தாங்கி ஒண்டு முழுக்க, ஒரு பின்னேர மழையில. அதைக் கேட்டவுடன பிள்ளையளின்ர முகம் மாறும் பாருங்கோ.

செவ்வாய் இரவு ஹோம்வேர்க் ஆறு கணக்கு. ஏன் ஆறு? புரொஜெக்டில உள்ள பெரிய ஓட்டையே பயிற்சி காணாது எண்டதுதான், ஒரு கணக்கை ஒருக்காச் செய்து பிடிச்சிட்டன் எண்டு பிள்ளை நினைக்கும், தவணைப் பரீட்சையில வழுக்கி விழும். இருவது கணக்குக் குடுத்தா டியூஷன் முடிஞ்சு ஏழு மணிக்கு வாற பிள்ளை கூட்டாளியின்ர கொப்பியைப் பார்த்து எழுதும். அஞ்சு கணக்கு எல்லாருக்கும் பொது, ஆறாவது தன்ர சொந்தக் கூரை. கூரை அளக்க மாடிக்கு ஏறத் தேவையில்லை, கூகிள் மப்பில மேல இருந்து பார்த்துத் தூரம் அளக்கிற வசதி இருக்கு, இல்லாட்டி நிலத்தில வீட்டைச் சுத்தி அடி வைச்சு நடந்து பாருங்கோ எண்டு சொல்லுவன். ஆறாவதைக் கொப்பி அடிக்கவே ஏலாது, அதோட புதன்கிழமை வேலை அந்த விடையில இருந்துதான் தொடங்கும்.

எவ்வளவு நேரம் எண்டு எல்லாரும் கேப்பினம். ஹோம்வேர்க் ஆராய்ச்சியில பேர் போன, டியூக் பல்கலைக்கழகத்து ஹரிஸ் கூப்பர் ஆதரிக்கிற கணக்கு ஒரு இரவுக்கு, தரம் ஒண்டுக்குப் பத்து நிமிசம், தரம் 7 எண்டா எல்லாப் பாடமும் சேத்து 70 நிமிசம். எல்லாப் பாடமும் எண்டதைக் கவனியுங்கோ. எங்கட பிள்ளையளுக்குப் பாடம் எத்தினை, டியூஷன் எத்தினை எண்டு எண்ணிப் பார்த்தா எனக்கு மிஞ்சிறது பதினைஞ்சு நிமிசம், மிஞ்சினா இருவது. அதுக்குள்ள முடியாட்டி பேனையை வைச்சிட்டு "இவ்வளவுதான் முடிஞ்சுது" எண்டு எழுதி அம்மாவோ அப்பாவோ ஒரு கையெழுத்து, நான் ஏச மாட்டன். முதல் ரெண்டு கிழமை இதை நம்ப மாட்டினம், பிறகு பழகிடும்.

புதன்கிழமைக்கு ரெட்டைப் பாடம் வேணும். நாப்பது நிமிசத்தில சாமான் வெளிய எடுத்து பரப்பி முடியவே பெல் அடிக்கும். நான் கணித டீச்சரோட ஒரு பாடத்தை மாத்தி எடுத்தன், அதிபரிட்டப் போகேக்க "புரொஜெக்ட் செய்யப் போறம்" எண்டு போகாதேங்கோ, எந்தப் பாடப்புத்தகத்தில எந்த அலகு முடியும் எண்டு ஒரு தாளில எழுதிக்கொண்டு போங்கோ, கையெழுத்து உடன கிடைக்கும். பெற்றோருக்கும் அதே தாள்தான். "மிஸ் இது டேர்ம் டெஸ்டுக்கு வருமா?" எண்டு கேக்கிற அம்மாவில பிழை பிடிக்க எனக்கு மனம் வராது, பிள்ளை ஓ.எல் சோதனை எழுதேக்க நான் பக்கத்தில நிக்கப் போறேல்லைத்தானே. கிழமைத் தாளில ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில அலகு இலக்கம் போட்டா அந்தக் கேள்வி பாதியாக் குறையும். அந்தத் தாள் அரைப் பக்கம்தான், திங்கள் கொப்பியில ஒட்டுறது, அதில கிழமைக் கேள்வி, நாலு இரவுக்கும் நாலு வரி, அலகு இலக்கம், இவ்வளவுதான்.

புதன் வேலையில ஒரு சாம்பிள் சொல்லுறன். குறூப் தன்ர நாலு போத்தல் அளவையும் வளிமண்டலவியல் திணைக்களம் போடுற கொழும்பு, இரத்மலானை அளவுகளோட ஒப்பிடோணும். ஒத்து வராது. ஏன் வரேல்லை எண்டு தேடுறதுதான் அந்த எண்பது நிமிசம். திணைக்களம் காலமை எட்டரை வரைக்கும் உள்ள 24 மணித்தியாலத்தைக் கணக்கெடுக்கும், எங்கட பிள்ளையள் ஆறரைக்கு வாசிக்கினம், ஏழு மணிக்கு மழை பெய்தா எங்களுக்கு அது நாளைக்குத்தான் வரும். ஒக்டோபர் நவம்பரில மழை பெரும்பாலும் பின்னேரம் இடியோட வாறதால இது பெருசாத் தெரியாது, ஒரு காலமை மழை வந்தாப் போதும், ரெண்டு எண்ணும் எங்கயோ போய் நிக்கும். ஒரு குறூப் இதைத் தானாப் பிடிச்சுது, நான் சொல்லிக் குடுக்கேல்லை, எனக்கே முதல் வருசம் அது பிடிபடேல்லை எண்டதையும் ஒத்துக்கொள்ளோணும்.

புதன் இரவு அளவைத் தவிர ஒண்டும் இல்லை.

வியாழன் எழுதுற நாள். ஒரு பந்தி, கையால, வகுப்பிலயே இருந்து. இப்ப சட்ஜிபிடி வந்த பிறகு பந்தியை வீட்டுக்கு அனுப்பினா என்ன திரும்பி வரும் எண்டு உங்களுக்குத் தெரியும், "நீர் மனித வாழ்வின் இன்றியமையாத வளமாகும்" எண்டு தொடங்கும், ஏழாம் வகுப்புப் பிள்ளை எங்க அப்பிடிக் கதைக்கிறது. வகுப்பில எழுதேக்க முன்னால தன்ர போத்தல் அட்டவணை திறந்திருக்கோணும், எண் இல்லாத வசனம் ரெண்டுக்கு மேல இருக்கக் கூடாது எண்டு ஒரு சட்டம். பிறகு பக்கத்தில இருக்கிறவரிட்டக் குடுத்துக் கருத்துக் கேக்கிறது, "நல்லா இருக்கு" எண்ட சொல்லை வகுப்பில தடை செய்திருக்கிறன். அமெரிக்காவில ரொன் பேர்கர் எண்ட ஆசிரியர் இதுக்கு மூண்டு விதி சொல்லுவார், எங்கட பாஷையில சொன்னா மனம் நோகாமச் சொல்லு, எந்த இடம் எண்டு காட்டிச் சொல்லு, திருத்த உதவுற மாதிரிச் சொல்லு. மூண்டும் சுவரில இருக்கு. முதல் மாசம் ஒருத்தரும் ஒழுங்காச் செய்யேல்லை, "எழுத்து வடிவா எழுது" எண்டதுக்கு மேல போகாது, நானே ஒரு பந்தி வேணுமெண்டு மோசமா எழுதி அதைக் கிழிக்கச் சொன்ன பிறகுதான் சூடு பிடிச்சுது.

வியாழன் இரவு ஹோம்வேர்க்தான் எனக்கு ஆகப் பிடிச்சது. அந்தப் பந்தியை வீட்டில ஆருக்காவது வாசிச்சுக் காட்டி, அவை கேட்ட ஒரு கேள்வியை அப்பிடியே எழுதிக்கொண்டு வரோணும். பதில் வேண்டாம், கேள்வி மட்டும். அஞ்சு நிமிச வேலை, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியோணும் எண்டோ கணக்குத் தெரியோணும் எண்டோ இல்லை. ஒரு அம்மம்மா கேட்டது, "இவ்வளவு தண்ணி சும்மா மேல இருந்து விழுந்தா நாங்கள் ஏன் மாசம் மாசம் வோட்டர் பில் கட்டுறம்?" வெள்ளிக்கிழமை முதல் பாடம் முழுக்க அந்தக் கேள்விதான், அடுத்த கிழமை செவ்வாய்ப் பாடம் மழைநீர் சேகரிப்பு எண்டு முடிவானதும் அவவாலதான். இன்னொரு அப்பா "ரோட்டில தேங்கிற தண்ணியெல்லாம் கடைசியில எங்க போகுது?" எண்டு கேட்டவர், அதால நாலாம் கிழமை கால்வாய், சதுப்பு நிலம் எண்டு திரும்பினம். கொழும்பு 2018 இல உலகத்திலயே முதல் முதல் ஈரநிலங்களைப் பாதுகாக்கிற ராம்சார் ஒப்பந்தத்துக்குக் கீழ ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் கிடைச்ச 18 நகரங்களில ஒண்டு எண்டு சொல்லேக்க, கால்வாய் எண்டா நாத்தம் எண்டு மட்டும் தெரிஞ்ச பிள்ளையள் நம்பவே இல்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில இருக்கிற பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போனன், அந்தக் கிழமை போத்தலைத் தவிர வேற ஹோம்வேர்க் ஒண்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் கேள்வியளுக்குப் பிறகு பத்து நிமிசச் சின்னச் சோதனை, அஞ்சு கேள்வி, தனித்தனிய. குறூப் மார்க்கை நான் முழுக்க நிப்பாட்டிட்டன், குறூப்பா வேலை செய்யிறது, தனியா மார்க் எடுக்கிறது. நாலு பேர் சேந்து செய்த சாட்டுக்கு ஒரே மார்க் போட்டா நல்லா உழைச்ச பிள்ளைக்கு வாற கோவம் நியாயமான கோவம். சனி ஞாயிறுக்குப் போத்தல் மட்டும், டியூஷன், அறநெறி வகுப்பு, ஆற்றையாவது பேர்த்டே எண்டு பிள்ளைக்கு ஏற்கனவே மூச்சு விட நேரமில்லை.

வட்ஸ்அப் குறூப்புக்கு ஒரு மெசேஜ்தான், ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்கு, அரைப் பக்கத் தாளின்ர படம். இரவு பத்து மணிக்கு "மிஸ் என்ன ஹோம்வேர்க்" எண்டு வாற வொய்ஸ் மெசேஜுக்கு மறுமொழி குடுக்கிறதில்லை, முதல் மாசம் கொஞ்சப் பேருக்கு மனஸ்தாபம், பிறகு மற்ற அம்மாமாரே "கொப்பியில ஒட்டியிருக்கு பாருங்கோ" எண்டு சொல்லப் பழகிட்டினம்.

கடைசியா அட்டவணை நிரப்புறதில ஒரு சின்ன விசயம், முதல் நாளே சொல்லிவிடுங்கோ. மழை இல்லாத நாளுக்கு 0 எழுதோணும், அளக்க மறந்த நாளுக்குக் கோடு போடோணும். ரெண்டும் வேற. மறந்த நாளுக்கு ஏச்சு விழும் எண்டு பயந்தா பிள்ளை 0 எண்டு எழுதிவிடும், பிறகு உங்கட சராசரி முழுக்கப் பொய். கோடு போட்ட பிள்ளைக்கு நான் ஒண்டும் சொல்லுறதில்லை, கோடு போட்ட நாளைக் கணக்கில சேர்க்காம எப்பிடிச் சராசரி எடுக்கிறது எண்டு அதையே ஒரு கணக்காக் குடுத்து விடுவன். லீவு விடுறதுக்கு முதல் நாள் எல்லாப் போத்தலையும் கழட்டி ஸ்கூலுக்குக் கொண்டு வரச் சொல்லுங்கோ, எண்ணி வாங்குங்கோ, நான் போன முறை 28 குடுத்து 26 தான் திரும்ப வாங்கினனான், மிச்சம் ரெண்டு போத்தலுக்கும் ரெண்டு வீட்டுக்கு ஃபோன் எடுத்தன்.